குறையா, பிழையா, குற்றமா?

ஆங்கிலத்தில் ‘ஃபால்ட்’ என்றொரு சிறு சொல் உண்டு. பள்ளிச் சிறுவனும் அதற்குப் பொருள் சொல்லிவிடுவான். ஆனால் அதற்கு நேரான தமிழ்ச் சொல் ஒன்று தருக என்று எவரேனும் என்னைக் கேட்டால், நான் இருமுறை எண்ணிப் பார்த்தே விடை சொல்வேன். ஒருமுறை எண்ணாமல் சொல்லிப் பட்டது போதும்.

1970-களின் தொடக்கம். நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடைப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் நான் இளம் ஆசிரியன். தோட்டத்து வாத்தியார் பாடம் மட்டும் சொல்பவர் அல்லர் என்பதைப் பழைய ஆசிரிய அன்பர்கள் அறிவார்கள். ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டுவதும், பதில் எழுதுவதும், ஆபீசிலிருந்து வரும் ஆங்கிலத் தாளுக்குப் பொருள் சொல்வதும் அவர் தலைமேல்தான். ஒருநாள் மாலை, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அப்படியொரு தாளைக் கொண்டுவந்தார். அவர் வெட்டும் நிரைகளில் சில மரங்களின் பட்டை காயப்பட்டிருக்கிறது, அஃது அவருடைய ‘ஃபால்ட்’, விசாரணைக்கு வரவேண்டும். அதில் இருந்தது இவ்வளவே.

“உங்கள் குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள், அண்ணே,” என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “குத்தமா? வாத்தியாரையா, கையிலே ஏதாச்சும் குறை இருக்கலாம். வயசாச்சு. குத்தம் ஒண்ணும் செய்யலீங்களே!”

நான் சொன்ன மொழிபெயர்ப்பு அகராதிப்படி சரி. அவர் தந்த மறுமொழியோ, அகராதிக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரிவித்தது. குறை வேறு, குற்றம் வேறு என்று அவர் செவி பிரித்துக் கேட்டது. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. அந்த மூட்டையைச் சற்று அவிழ்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீனில் ‘ஃபாலெரே’ என்றொரு வினை உண்டு. ஏமாற்றுதல், தவறச் செய்தல், கண்ணுக்குத் தப்புதல் என்பன அதன் பொருள்கள். அதன் வழிவந்த பழைய பிரெஞ்சுச் சொல் ‘ஃபோட்’. நார்மானியர் வழியாக அஃது ஆங்கிலம் புகுந்தபோது இடையில் லகர ஒலி இல்லை. இலத்தீன் மூலத்தில் லகரம் இருப்பதைக் கண்ட பிற்காலப் புலவர்கள் எழுத்தில் அதனைச் செருகினார்கள். எழுதினார்களே தவிர, நெடுங்காலம் ஒலிக்கவில்லை. 1711-இல் வெளிவந்த தம் திறனாய்வுச் செய்யுளில் போப், இச்சொல்லைச் சிந்தனை என்று பொருள்படும் ‘தாட்’ என்னும் சொல்லோடு இயைபாக அமைத்திருக்கிறார். லகரத்தை ஒலித்தால் அந்த இயைபு கெட்டுவிடும். 1755-இல் அகராதி வெளியிட்ட ஜான்சனும், லகரம் சில வேளை ஒலிக்கும், சில வேளை ஒலிக்காது, பேச்சில் பெரும்பாலும் மறைந்துபோகும் என்ற கருத்தில் குறிப்பு எழுதினார். இன்று எல்லாரும் ஒலிக்கிறார்கள். புலவர் செய்த பிழை, நாளடைவில் மக்கள் நாவில் திருத்தமாகிவிட்டது! குறையைக் குறிக்கும் சொல்லின் எழுத்திலேயே இப்படியொரு கதை இருப்பது வேடிக்கைதான்.

அச்சொல்லின் பழைய பொருள் ‘இல்லாமை’. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றால் அஃது ‘ஃபோட்’. அங்கிருந்து பொருளில் உள்ள ஊனம், செயலில் நேர்ந்த தவறு, அத்தவறுக்கு ஒருவர் ஏற்கவேண்டிய பொறுப்பு என்று பொருள் விரிந்துகொண்டே சென்றது. வேட்டைநாய் மோப்பத்தை இழந்து திகைத்து நிற்பதற்கும் அதுவே பெயர். டென்னிசு ஆட்டத்தில் முதல் அடி கட்டத்துக்கு வெளியே விழுந்தாலும் அதுவே. நிலக்கரிச் சுரங்கத்தில் தொடர்ந்து வந்த கரிப்படுகை திடீரென அறுந்து, பாறை இடம் பெயர்ந்து நின்றால், சுரங்கத் தொழிலாளர் அதனையும் அப்பெயரால் அழைத்தனர். கரி இருக்கவேண்டிய இடத்தில் கரி இல்லை. பழைய ‘இல்லாமை’ப் பொருள்தான். நிலநூலார் அச்சொல்லை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அதனை நிலப்பிளவு என்றும் பிளவுப் பெயர்ச்சி என்றும் சொல்கிறோம். 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கி வட்டாரத்தில் சிறு நில அதிர்வுகள் பதிவானபோது, நெகிரி செம்பிலானில் கோலப்பிலாவின் பெயரும் அப்பட்டியலில் சேர்ந்தது. பழைய பிளவுகளே காரணம் என்று நிலநூலார் ஆராய்ந்தார்கள். ஆங்கில நாளேட்டில் அச்செய்தியைப் படித்த என் பேரன், “தாத்தா, நிலநடுக்கம் யாருடைய ஃபால்ட்?” என்று கேட்டுச் சிரித்தான். ஆங்கிலத்தில்தான் அப்படிக் கேட்டுச் சிரிக்க முடியும். தமிழில் நிலத்துக்குப் பிளவு உண்டு, குற்றம் இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம்.

நம்மிடம் இவ்வகைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குறை, குற்றம், பிழை, தவறு, தப்பு, வழு, பழுது, மறு, வடு, மாசு, கறை, ஏதம், பழி என அடுக்கிக்கொண்டே போகலாம். வடசொற்களையும் சேர்த்தால் இன்னும் நீளும். ஒரு பொருட் பன்மொழி என்று இவற்றை ஒரே பட்டியலில் இட்டு மாணவரை மனப்பாடம் செய்யச் சொல்வது நம் வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆயினும் இவை பிறந்த இடங்கள் வெவ்வேறு.

சில, கண்ணால் காணும் கறையிலிருந்து பிறந்தவை. மறு, நிலவில் தெரிவது. உயர்குடிப் பிறந்தாரிடம் உள்ள குற்றம், திங்களில் தெரியும் மறுவைப்போல் எல்லார் கண்ணுக்கும் படும் என்பது வள்ளுவர் கருத்து. வடு, புண் ஆறிய பின்னும் நிற்கும் தழும்பு. நாவினால் சுட்டது உள்ளத்தில் ஆறாமல் நிற்பதைச் சொல்லவந்த இடத்திலும் வள்ளுவர் தேர்ந்த சொல் அதுவே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெரு வருகிறது. அங்கே வயிரத்துக்கு ஆகாதவற்றை இளங்கோவடிகள் பெயர் சொல்லி எண்ணுகிறார். காக்கைக்கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இவை கல்லின் ஊனங்கள். கல்லை எவரும் வைவதில்லை. விலையைக் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

வேறு சில, இல்லாமையிலிருந்து பிறந்தவை. குறை என்பது அளவு போதாமை. குறு, குறை, குற்றம் ஆகிய மூன்றையும் ஒரு வேரின் கிளைகளாகக் கொள்ள இடமுண்டு. ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளும் இல்லாமைதான் என்பதை மேலே கண்டோம். தொலைவில் உள்ள இரு மொழிகளும் இங்கே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

நான் சற்று நின்று பார்க்க விரும்புவது மூன்றாம் கூட்டத்தை. தப்பு, தவறு, பிழை ஆகிய மூன்றும் ‘குறி விலகுதல்’ என்னும் கருத்திலிருந்து கிளைத்தவை. அம்பு இலக்கைத் தப்பியது, கால் தவறியது, மழை பிழைத்தது. இலக்கு விலகினால் எய்தவனுக்கு அது தோல்வி. இலக்காக நின்ற மானுக்கோ அதுவே உயிர். அதனால்தான் ‘தப்பு’ என்றால் பிழையும் ஆகும், தப்பித்தலும் ஆகும். ‘பிழைத்தல்’ என்றால் நெறி தவறுதலும் ஆகும், உயிர் தங்குதலும் ஆகும். அரசர் நெறி தவறுவதைச் சிலப்பதிகாரப் பதிகம் பிழைத்தல் என்னும் சொல்லால் சுட்டுகிறது; நோயாளி பிழைத்துக்கொண்டான் என்று நாம் வீட்டில் மகிழ்கிறோம். இரண்டும் ஒரே சொல். இலத்தீன் ‘ஃபாலெரே’யும் தவறச் செய்தலோடு கண்ணுக்குத் தப்புதலையும் குறித்தது என்பதை நினைவு கூர்க.

இதிலிருந்து ‘பிழைப்பு’ என்ற சொல் வந்தது. உயிர் தங்குவதற்கு வேண்டிய வழியே பிழைப்பு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் ஒரே விடைதான் சொல்வார்கள்: “பிழைக்க வந்தோம்.” ஊரில் பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் எய்த அம்புகள் தம்மேல் படாமல் விலகி வந்தோம் என்பது அதன் உட்பொருள். அவர்கள் அப்படி எண்ணிச் சொல்லவில்லை. மொழி எண்ணி வைத்திருந்தது.

கடைசியாகப் பழி. இது பொருளிலும் இல்லை, செயலிலும் இல்லை. பிறர் வாயில் இருக்கிறது. பழித்தல் என்பது பேசுதல். ஒருவன் தவறே செய்யாமல் பழி சுமக்கலாம். பெருந்தவறு செய்தவன் பழியின்றித் திரியலாம். ஆங்கிலத்தில் பழியைக் குறிக்கும் ‘பிளேம்’ என்ற சொல்லும் பேச்சிலிருந்து வந்ததே. இறைவனை இகழ்ந்து பேசுதலைக் குறித்த கிரேக்கச் சொல்தான் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து அவ்வாறு ஆயிற்று.

அப்படியானால் ‘குற்றம்’ என்னும் சொல்லைக் கேட்டு அந்தப் பெரியவர் ஏன் நடுங்கினார்? பழந்தமிழில் குற்றம் அத்துணைக் கடுமையான சொல் அன்று. நூலுக்குப் பத்துக் குற்றம் உண்டு என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் சொல்கின்றனர். மாறுகொளக் கூறலும் மிகைபடக் கூறலும் அவற்றுட் சில. அவற்றைச் செய்த புலவரை எவரும் சிறையில் அடைப்பதில்லை. நக்கீரர் கதையில் வழக்கு எழுவதும் சொற்குற்றமா பொருட்குற்றமா என்றே. திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ அதிகாரம் அரசனிடம் இருக்கலாகாத செருக்கு, சினம் முதலியவற்றைப் பேசுவது. ஆக, ஒரு காலத்தில் குற்றம் என்னும் தமிழ்ச் சொல் ஏறத்தாழ ‘ஃபால்ட்’ அளவுக்கு அகன்றே இருந்தது. மணியின் கீறலும் மன்னனின் செருக்கும் பாட்டின் வழுவும் அதில் அடங்கின.

பின்னர் நீதிமன்றங்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டன. குற்றவியல், குற்றவாளி, குற்றப்பத்திரிகை என்று வழங்கத் தொடங்கிய பின், குற்றம் என்றால் போலீசும் சிறையும் என்பதே மக்கள் செவியில் முதலில் விழும் பொருளாயிற்று. பழைய பொருள் புலவர் ஏட்டில் தங்கிவிட்டது. இம்மாற்றம் தமிழுலகம் முழுவதற்கும் பொதுவே. ஆனால் தோட்டத்துத் தமிழருக்கு இதில் தனியாக ஒரு வரலாறு உண்டு என்பது என் துணிபு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நெகிரி செம்பிலான் 1896-இல் பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றோடு இணைந்து கூட்டு மலாய் நாடுகளில் ஒன்றாயிற்று. ரந்தாவை அடுத்த லின்சம் போன்ற தோட்டங்களில் முதலில் காப்பி விளைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி சாய்ந்து ரப்பர் எழுந்தது. அக்காலத்தில் தமிழர் பலர் வந்தது சஞ்சிக்கூலி முறையில். ‘ஜஞ்ஜி’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாக்குறுதி என்பது பொருள். கைந்நாட்டு வைத்த வாக்குறுதியே சஞ்சி. அச்சட்டங்களின்படி, அனுமதியின்றி வேலைக்கு வாராமை, வேலை செய்ய மறுத்தல், தோட்டத்தை விட்டு ஓடிப்போதல் ஆகியவை ஒப்பந்த மீறல் மட்டுமல்ல, தண்டனைக்குரிய குற்றங்களும் ஆகும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி அபராதம் விதிக்கலாம், சிறையிலும் இடலாம்.

இதனை உற்று நோக்குக. கடையில் கடன் வாங்கியவன் சொன்ன நாளில் தரவில்லை என்றால், அது வாக்குத் தவறியது. வழக்கிட்டுப் பணத்தைப் பெறலாம். தோட்டக்காரர் கூலி தருவதில் தவறினாலும் பெரும்பாலும் அவ்வளவே. தொழிலாளி வேலைக்கு வரத் தவறினால் மட்டும் அது சிறைக்குரிய குற்றம்! இந்தியாவிலும் 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் இதே போக்கில்தான் இருந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் ஒப்பந்தத்தை மீறினால் தண்டிக்க வகைசெய்த அச்சட்டம் 1925-இல்தான் நீக்கப்பெற்றது. தவறு என்னும் சொல்லைக் குற்றம் என்னும் சொல்லாகப் பெயர்த்தது அகராதி அன்று, சட்டம்.

சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதனினும் பெருகி 1938 வரை நடந்தது. அவ்வாண்டு இந்திய அரசு உதவிபெற்றுக் குடியேறுவதைத் தடை செய்தது. வேலைக்கு வாராமைக்குச் சிறை என்னும் கொடுமை 1920-களின் தொடக்கத்தில் சட்டத்திலிருந்து நீங்கிற்று. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு முன்னையதினும் மேலானது என்பதை ஒப்பத்தான் வேண்டும். ஆனால் சட்டம் மறந்ததைச் செவி மறப்பதில்லை. ‘குத்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் வெளிறிய முகம், அந்தப் பெரியவருடைய முகம் மட்டுமன்று. அவருடைய தந்தையின் முகமும் பாட்டனின் முகமும் அதில் இருந்தன என்று பின்னர் எனக்குத் தோன்றியது.

அபராதம் என்னும் சொல்லையும் இங்கே ஒரு கண் பார்த்துவிடலாம். வடமொழியில் அதற்குக் குற்றம் என்பது பொருள். தமிழில் நாம் அதனைத் தண்டத்தொகைக்கு வைத்துக்கொண்டோம். மலையாளத்தில் அபராதம் இன்றும் குற்றமே. அம்மொழியில் ‘பிழ’ என்றால் தவறு மட்டுமன்று, கட்டவேண்டிய தண்டத்தொகையும் ஆகும். தோட்டக் கிராணிமார்களில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் மிகுதி. ஒரே ஆபீசில் ஒருவருக்குக் குற்றமாக இருந்த சொல் மற்றொருவருக்கு வெள்ளிக் கணக்காக இருந்திருக்கும்! செய்த தவறும் கொடுத்த பணமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வது, ஏழைகள் வாழும் இடத்தில் இயல்புதான் போலும்.

இனி அந்தக் காயப்பட்ட மரங்களைப் பற்றி. பால் வெட்டுதல் எளிய வேலை என்று நகரத்தார் எண்ணக்கூடும். ரப்பர் மரத்தில் பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், வளர்படலத்தை ஒட்டியே மிகுதியாக உள்ளன. மேலோடு வெட்டினால் பால் குறையும். ஆழ வெட்டினால் வளர்படலம் புண்பட்டு, அங்கே முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும். மறுபடி அவ்விடத்தில் ஒழுங்காக வெட்ட இயலாது. வளர்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னே உளி நின்றுவிட வேண்டும். நல்ல பாலுக்கும் காயத்துக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவே. அந்தத் தொலைவை விடியற்காலை இருளில், தலையில் கட்டிய விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில், ஒவ்வொரு நாளும் கை காக்க வேண்டும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்துக் காட்டிய முறை இது. மரத்தைக் கொத்திச் சிதைக்காமல் ஒரே வெட்டுவாயை மெல்லிதாகச் சீவிச் செல்லும் இம்முறையால்தான் இத்தொழிலே நிலைத்தது. ஆனால் முறை எவ்வளவு நுட்பமோ, அவ்வளவுக்குப் பிழை நேரவும் வாய்ப்புண்டு.

பால் குறைந்தால் தண்டல் கேட்பார். காயம் பட்டாலும் தண்டல் கேட்பார். அஞ்சி மேலாக வெட்டியவனும் அகப்பட்டான், துணிந்து ஆழ வெட்டியவனும் அகப்பட்டான்.

இதனினும் நுட்பமானது ஒரு மரநோய். பட்டை உள்ளே பழுப்பேறி உலர்ந்து, வெட்டினால் பால் வராமல் போகும். 1910-களிலும் 1920-களிலும் இதைப் பற்றி ஆய்வாளரிடையே பெரும் ஆராய்ச்சி நடந்தது. கிருமியோ பூஞ்சையோ காரணம் என்று முதலில் தேடினார்கள். பின்னர், மரத்தின் தாங்கும் ஆற்றலுக்கு மேல் அடிக்கடி வெட்டிப் பாலை வாங்குவதோடு அது தொடர்புடையது என்ற கருத்து வலுப்பெற்றது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது, எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதைத் தொழிலாளி முடிவு செய்வதில்லை. தோட்ட நிர்வாகம் முடிவு செய்யும். ஆயினும் வாளி காலியாக வரும்போது, காலி வாளியோடு நிற்பவன் அவன். மரத்தின் பழுது, முறையின் தவறு, மனிதனின் பழி என்னும் மூன்றும் பால் நிறுக்கும் கொட்டகையில் ஓரிடத்தில் சந்திக்கும். ‘ஃபால்ட்’ என்னும் ஒரு சொல் மூன்றுக்கும் போதும் என்றால், எது எதுவென்று எவரும் கேட்கவேண்டிய தேவை இராது.

சட்டம் இதைக் கேட்கத் தொடங்கிய வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1837-இல் தீர்ந்த ஒரு வழக்குக்குப் பின், வேலையில் அடிபட்டவன் ஈடு கேட்டால் அவன்முன் பல தடைகள் நின்றன. உடன் வேலை செய்தவனுடைய தவறா? முதலாளி பொறுப்பல்லர். உன் கவனக்குறைவும் அதில் சேர்ந்ததா? ஈடு இல்லை. ஆபத்து உண்டென்று தெரிந்தே வேலைக்கு வந்தாயா? அப்போதும் இல்லை. எல்லாக் கேள்வியும் ‘தவறு யாருடையது’ என்ற ஒரே கேள்விதான். 1897-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்த ஒரு சட்டம் இயற்றிற்று. காயம் வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்ததா என்று மட்டும் பார். நேர்ந்தது என்றால் ஈடு கொடு. இந்தியாவில் 1923-இல் அத்தகைய சட்டம் வந்தது. மதுமயக்கம், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறல் போன்றவை அதில் விலக்குகள். மலாயாவில் 1952-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. பின்னர் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சமூகப் பாதுகாப்புத் திட்டமாகிய பெர்க்கேசோ, 1971-இல் நடைமுறைக்கு வந்தது. ரப்பர்த் தகடு உருட்டும் பொறியில் விரல் சிக்கியவரிடம், “ஏன் கையை விட்டாய்?” என்று கேட்டு அனுப்பிவிடும் காலம் சட்டத்தளவில் அதோடு முடிந்தது.

நெகிரி செம்பிலானில் இக்கருத்து புதிதன்று என்பது எனக்கு வியப்பைத் தருவது. அம்மாநில மலாய் மக்களின் வழக்காறு அடாட் பெர்பாத்தே. மினாங்கபாவிலிருந்து வந்த தாய்வழி மரபு அது. தவறியவனை ஒடுக்குவதைவிட, தவறினால் நேர்ந்ததைச் சரிக்கட்டுவதையே அது பெரிதாகக் கொள்ளும். எடுத்தவன் திருப்பித் தரவேண்டும். காயப்படுத்தியவன் ஈடு செய்யவேண்டும். கோலப்பிலாவிலும் ரெம்பாவிலும் அந்த மரபு உயிரோடிருந்த அதே மண்ணில், வேலிக்கு இப்பால் தோட்டத்தில் வேறொரு முறை நடந்துகொண்டிருந்தது.

வேலை ஒழுங்கைப் பொறுத்தவரை, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பின்னரே தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்கவோ தாழ்த்தவோ வேறு சிறு தண்டனை தரவோ இடமளித்தது. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக அமைந்த பின், விசாரணை என்றால் தொழிலாளி பக்கத்தில் நிற்க ஓர் ஆளும் உண்டு என்ற நிலை வந்தது. இச்சட்டத்தில் கண்ட ‘தவறான நடத்தை’ என்பதற்கும் கைத்தவறு என்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. தெரிந்தே மரத்தை வெட்டிச் சாய்ப்பது முன்னது. கண் மங்கியவன் உளி ஒரு மயிரளவு ஆழப் பதிவது பின்னது. ஆனால் அன்று வந்த அந்தத் தாளில் இரண்டுக்கும் நடுவே நின்றது ‘ஃபால்ட்’ ஒன்றே.

தமிழாசிரிய அன்பர்களுக்கு ஒரு சொல். மாணவன் ஏட்டில் நாம் சிவப்பு மையால் ‘பிழை’ என்று எழுதுகிறோம். ‘குற்றம்’ என்று எழுதுவதில்லை. ஏன் என்று நம்மை எவரும் கேட்டதில்லை. ஆயினும் அந்த வேறுபாட்டை நம் கை அறியும். மொழிபெயர்க்க அமரும்போது மட்டும் அகராதியைப் புரட்டி முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிடுகிறோம். நான் செய்ததும் அதுதான்.

அன்றிரவு அந்தப் பெரியவருக்காகப் பதில் எழுத அமர்ந்தேன். அவர் சொல்லச் சொன்னது ஒரே வாக்கியம்: கையில் குறை இருந்தால் திருத்திக்கொள்கிறேன், குற்றம் எதுவும் செய்யவில்லை. அதனை ஆங்கிலத்தில் எழுதப் பார்த்தால், குறைக்கும் ‘ஃபால்ட்’ என்றே பேனா ஓடுகிறது, குற்றத்துக்கும் ‘ஃபால்ட்’ என்றே ஓடுகிறது. அப்படியே எழுதினால், தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன், தவறு செய்யவில்லை என்று முன்னுக்குப் பின் முரணாகிவிடும்; பைத்தியக்காரன் எழுதியது என்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கடியில் நெடுநேரம் அடித்து அடித்து எழுதினேன். ‘ஃபால்ட்’ என்பதை அடியோடு விட்டுவிட்டேன். கண்பார்வை முன்போல் இல்லை, சில மரங்களில் உளி ஆழப் பதிந்திருக்கிறது, வேண்டுமென்று செய்யவில்லை, இனி மெதுவாக வெட்டுவேன் என்று நான்கு வாக்கியங்களாக எழுதி, முதலில் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“கண்ணு விசயம் எழுதணுமா?” என்று மட்டும் கேட்டார். எழுதினால் வேலை போய்விடுமோ என்ற அச்சம். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்பு, “எழுதுங்க வாத்தியாரையா, உள்ளதுதானே,” என்று சொல்லிப் பெருவிரலை நீட்டினார்.

விசாரணையில் அவருக்கு எச்சரிக்கை மட்டும் கிடைத்தது. அடுத்த மாதம் அவரை மேட்டுக்காட்டிலிருந்து மாற்றி, வெளிச்சம் சற்று முன்னதாக விழும் கிழக்குச் சரிவில் வெட்டப் போட்டார்கள். காயம்பட்ட மரங்களை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து அவ்வழியே சென்றபோது பார்த்தேன். முடிச்சுகளைச் சுற்றிப் பட்டை வளர்ந்திருந்தது. வெட்டுவாய் அவற்றை விலகி வளைந்து சென்றிருந்தது. மங்குகளில் பால் நிறைந்திருந்தது.